சொல்லியிருந்தால் போட்டிருப்பார்

சார்,

எங்கள் பனியன் கம்பெனிச் சுவரில் உங்கள் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். மைதாப் பசை இன்னும் காயவில்லை. அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி. வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் சிரித்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. கூட வந்த பெண், "யாருக்கா, சொந்தமா?" என்றாள். என் வீட்டுக்காரரைச் சுட்டுக்கொன்ற போலீஸ்காரர் என்று எப்படிச் சொல்வது? "தெரிஞ்சவருதான் கண்ணு" என்று சொல்லி, ஷிப்டுக்குள் போய்விட்டேன்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் எப்போதும்போலப் பல்லடம் ரோட்டு வளைவில் இளநீர் வண்டி போட்டிருந்தார். நகைக்கடையில் ஒருவரைக் குத்திவிட்டு பைக்கில் தப்பிய திருடன் அங்கே சறுக்கி விழுந்தான். கத்தியோடு எழுந்தவனை இவர் போய் மறித்தார். உங்கள் ஜீப் அப்போதுதான் வளைவில் திரும்பியது. ஜீப்பிலிருந்து "டேய்!" என்று ஒரு சத்தம். இவர் திரும்பினார், இளநீர் சீவும் அரிவாளோடு. அவருக்கு அது ஆயுதமே இல்லை சார். கிராக்கி கூப்பிட்டாலும், நான் சாப்பாட்டுத் தூக்கோடு போய் நின்றாலும் அரிவாளோடுதான் திரும்புவார். ஒருமுறை அரிவாள் பிடித்த அதே கையால் மகளின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டார். நான் போட்ட கூச்சலில் ரோட்டில் போனவர்கள் வண்டியை நிறுத்திவிட்டார்கள்.

நீங்கள் சுட்டீர்கள். அந்தக் களேபரத்தில் ஓடிய திருடன் சாயங்காலம் காங்கேயத்தில் பிடிபட்டான்.

டிவியில் முதலில் என் வீட்டுக்காரரைக் கொள்ளையன் என்றார்கள். நிஜத் திருடன் அகப்பட்டதும் அவனுக்குக் கூட்டாளி என்றார்கள். போலீசை வெட்ட வந்தாராம். மூன்று முறை எச்சரித்தும் அரிவாளைக் கீழே போடவில்லையாம். குடியிருந்த வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். மகள், "அப்பா திருடராம்மா?" என்று கேட்டுவிட்டு, இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று சுருண்டு படுத்துக்கொண்டாள். போன உயிரை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. அவரை அந்தப் பெயரோடு மண்ணுக்குள் விட்டுவிடக் கூடாது, அது ஒன்றுதான் அப்போது எனக்கு வேண்டியிருந்தது.

ரெவின்யூ ஆர்டிஓ அம்மாவின் விசாரணைக்கு உங்களைச் சபித்துக்கொண்டேதான் வந்தேன். கை கால் விளங்காமல் போகணும் என்று வாய்விட்டே சொன்னேன், உங்கள் காதில் விழுந்திருக்கும். உங்கள் இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் மனப்பாடமாக ஒப்பித்தார். அடுத்தது நீங்கள். அதையே திருப்பிச் சொல்லியிருந்தால் வேலை தப்பியிருக்கும், பாராட்டுக்கூடக் கிடைத்திருக்கும்.

"அருவாளக் கீழ போடுன்னு நான் சொல்லவே இல்லீங்க மேடம்" என்றீர்கள். "அருவாளப் பாத்தேன், ஆளப் பாக்கல. சுட்டுட்டேன்."

அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "மூணு தடவை எச்சரிச்சதாக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"இன்ஸ்பெக்டர் எழுதிக் குடுத்தாருங்க, போட்டேன். அது பொய்யுங்க. நானே அவருகிட்ட எளநி குடிச்சிருக்கறேன். சொல்லியிருந்தா அருவாளக் கீழ போட்டிருப்பாருங்க."

அவரோடு பத்து வருடம் குடும்பம் நடத்திய நான் சொல்லியும் யாரும் நம்பாததை, அவரைக் கொன்றவர் சொல்லி ஊர் நம்பியது. இன்ஸ்பெக்டர் உங்களைப் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன். நீங்கள் தலை குனியவில்லை. இந்தத் தைரியம் ஒரு மனிதருக்கு எங்கேயிருந்து வரும்? கம்பெனியில் செக்கிங்கில் இருப்பவள் நான், குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அன்றைக்கு நீங்கள் சொன்னதை எப்படிப் புரட்டிப் பார்த்தும் எனக்கு ஒரு குறை அகப்படவில்லை.

என் வீட்டுக்காரர் குற்றமற்றவர் என்று அறிக்கை வந்தது. மகள் அதை வாங்கி இரண்டு தரம் சத்தம்போட்டுப் படித்துவிட்டு, மறுநாள் தலை பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பினாள். உங்களுக்கு வேலை போனது, கொலை வழக்கு வந்தது. பொய்யாக எழுதிக் கொடுத்த இன்ஸ்பெக்டர் மேல் தனி வழக்கு. கோர்ட்டுக்கு அவரோடு ஒரு கூட்டமே வரும். உங்களோடு யாரும் வரமாட்டார்கள். நான் உட்கார்ந்திருக்கும் வராந்தாவில் நீங்கள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. கால் மாற்றி மாற்றி நின்றதைப் பார்க்கச் சகிக்காமல், "உக்காருங்க சார், நானென்ன கடிச்சா திங்கப்போறேன்?" என்றேன். "இருக்கட்டுங்க அம்மணி" என்றீர்கள்.

ஒரு வாய் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லையே என்று ஒருநாள் ஆத்திரத்தில் கேட்டே விட்டேன். நீங்கள் சொன்னீர்கள்: "கேட்டா நீங்க ஏதாச்சும் பதில் சொல்லியாகணும். அந்த ரோதனையும் உங்களுக்கு எதுக்குங்க?"

அதோடு அதைக் கேட்பதை விட்டுவிட்டேன் சார். என் வாயை அடைப்பது லேசான காரியமில்லை, என் வீட்டுக்காரரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் உங்களை மன்னித்தேனா என்று கேட்டால், இல்லை. பண்டிகை நாளில் மகள் அவர் படத்துக்குப் பூ வைக்கும்போது எனக்கு இப்பவும் வயிறு எரிகிறது. ஆனால் உங்களை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது. இரண்டும் ஒரே மனசில் எப்படி இருக்கிறதென்று எனக்கே தெரியவில்லை.

நெஞ்சுவலியில் நீங்கள் போனதோடு உங்கள் வழக்கு முடிந்தது. இன்ஸ்பெக்டர் வழக்கு முடியவில்லை. நீங்கள் பயத்தில் புத்தி பேதலித்து உளறிவிட்டீர்கள் என்று அவர் தரப்பில் இப்போது சொல்கிறார்கள். மறுத்துப் பேச நீங்கள் இல்லை என்ற தைரியம். அதைக் கேட்டபோது, என் வீட்டுக்காரரைத் திருடன் என்று சொன்னபோது வந்த அதே ஆத்திரம்தான் எனக்கு வந்தது. விசாரணையில் உங்களுக்கு எதிரில் உட்கார்ந்து எல்லாம் கேட்டவள் என்பதால் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை கூண்டில் ஏறுகிறேன். என் வீட்டுக்காரரைக் கொன்றவர் பொய் சொல்கிறவர் இல்லை என்று சொல்லப்போகிறேன்.