பழக்காத பிரேக்

அன்பு மகளுக்கு,

நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் இந்த வீட்டில் பாதிப் பேர்தான் நலம். நீ நலமாக இரு, நான் திட்டப்போவதைத் தாங்கத் தெம்பு வேண்டுமே. அப்பா படிக்கட்டில் வழுக்கி விழுந்ததாகப் போனில் சொன்னாரே, அது பச்சைப் பொய். லீவு முடிந்து நீ கிளம்பிய அன்று அவருடைய மின்சார சைக்கிளுக்கு அவசர அவசரமாகப் புது பிரேக் பேட் மாட்டிவிட்டு, பிரேக் புதுசுப்பா, இனிக் கவலையே இல்லை என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாயே, அந்தப் புதுசுதான் அவரைத் தள்ளியது. மறுநாள் காலை கடைக்குக் கிளம்பி நம் தெரு இறக்கத்தில் லீவரை முழுசாக அழுத்தியிருக்கிறார், வண்டி நிற்கவேயில்லை, நேராகப் போய் ரொட்டிக் கடைச் சுவரில் முட்டினார். வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டு. மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிற கை அது. அவர் கண்ணாடிக் கடையில் பூட்டு தொங்குகிறது.

வண்டியை நம்மூர் சைக்கிள் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மெக்கானிக் கேட்ட முதல் கேள்வியே, புது பேடைப் பழக்கினீங்களா என்பதுதான். பழக்குவதா, அது என்ன என்று கேட்டேன். பேட் தேய்ந்து அதன் பூச்சு சக்கரத்தில் இருக்கிற டிஸ்க் தகட்டில் மெல்லப் படிந்தால்தான் பிடிக்குமாம். சமதரையில் வேகமெடுத்து, லீவரை ஒரே சீராக அழுத்தி, நடக்கிற வேகத்துக்கு வந்ததும் சட்டென்று நிறுத்திவிடாமல் கையை எடுத்து, மறுபடி வேகமெடுத்து, இப்படி முன் பிரேக்குக்கு இருபது தடவை, பின் பிரேக்குக்கு இருபது தடவை. ஏன்டி, இது உனக்குத் தெரியாததா? நீ வேலை பார்க்கிற சைக்கிள் பட்டறையில் ஓட்டிப் பழக்காமல் ஒரு வண்டியும் வெளியே போகாது என்று என்னிடம் பெருமை அடித்துக்கொண்டது யார்? ஊரான் வண்டிக்கு ஒரு நியாயம், பெற்ற அப்பன் வண்டிக்கு ஒரு நியாயமா? இங்கே அந்த மெக்கானிக்கின் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற காலி மைதானத்தில், ஐம்பத்தாறு வயதில், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நானே ஓட்டினேன். பதினாலாவது தடவையில் பிடிக்க ஆரம்பித்தது. மொத்தமே அரை மணி நேரம்தான், அதை நினைத்தால்தான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அன்று காலை நேரமாச்சு நேரமாச்சு என்று உன்னை விரட்டியவள் நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொள்கிறேன், அதற்காக உனக்குத் தள்ளுபடி கிடையாது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள். நேற்று அந்த மெக்கானிக் அப்பாவைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். அக்கம்பக்கத்தாரும் இருந்தார்கள். பேடை மாட்டின மடையன் யாருங்க என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா, நான்தாங்க மாட்டினேன், எனக்கு அவ்வளவா தெரியாது என்றார். ஒரு ஸ்க்ரூ லூசாக இருந்தால்கூடக் கண்ணாடியைக் கையில் கொடுக்காத மனிதர், நாலு பேர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். உன் வேலைக்குக் கெட்ட பெயர் வரக் கூடாதாம். உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று என்னைச் சத்தியம் செய்யச் சொன்னார், நான் செய்யவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் கையில் ஒரு கீறல்கூடப் படாமல் நல்லபடியாக இரு. கடிதம் கிடைத்தவுடன் அப்பாவைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று நீயே சொல்லிவிடு, அந்த மனிதர் உனக்காக மூன்றாவது பொய் சொல்வதற்குள்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத உன் அம்மா