ஆறு ஹெட்லைட் பல்பும் ஐந்து வோல்ட்டும்

ஜூலை 13, செவ்வாய்

காலையிலேயே கொளுத்தும் வெயில். மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை பஸ்ஸில் நின்றே வந்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் புது பவர் சப்ளை வந்துவிட்டது, கிண்டிப் பட்டறையில் செய்தது. இனி பி.எஸ். என்றே எழுதுகிறேன். என்ன கனம்!

போன வருடம் பழைய பி.எஸ். கெட்டபோது உள்ளிருந்த சர்க்யூட் கார்டுகளையும் சேர்த்துப் பொசுக்கியது. வெளிநாட்டிலிருந்து மாற்றுக் கார்டு வருவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. இன்னொரு தடவை போனால் மெஷினை மூட்டை கட்டிவிடுவார்கள். என்னையும்தான்.

மேலதிகாரி கோபாலன் சார் (இனி கோ.) ஒரே அவசரம். "வெள்ளிக்கிழமை ஆடி பொறந்துடும்மா. ஆடில புதுசா எதையும் ஆரம்பிக்கப்படாது. நாளைக்கே மாட்டிடு."

மீட்டரை வைத்தேன். ஐந்து வோல்ட், கார்டுகளுக்கு வேண்டிய அளவு.

"அதான் அஞ்சு காட்றதே!"

"சும்மா இருக்கறப்ப காட்டும் சார். சுமை ஏத்திப் பாக்காம மாட்ட மாட்டேன்."

சொல்லியே விட்டேன். கோ. முகம் சுருங்கிப் போயிற்று. சுருங்கட்டும்.

ஜூலை 14, புதன்

வாங்க: ஸ்கூட்டர் ஹெட்லைட் பல்பு (ஆறு வோல்ட்) ஆறு, தடித்த ஒயர், அம்மாவுக்குக் கோலமாவு.

தி. நகர் மெக்கானிக்: "ஆறா? எத்தினி ஸ்கூட்டர்மா வச்சிக்கினு கீற?"

"ஒண்ணுகூட இல்ல."

ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கார்டுகளுக்குப் பதில் பல்புகளே சுமை. பலகையில் ஆறையும் வரிசையாகப் பொருத்தி பி.எஸ்.ஸோடு இணைத்தேன். ஜெகஜ்ஜோதி. "யாருக்குக் கல்யாண ஊர்வலம்?" என்று கணக்குப் பிரிவில் கிண்டல். சிரியுங்கள், சிரியுங்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பல்புகளின் வெளிச்சம் ஏறிக்கொண்டே போயிற்று. மீட்டரில் ஆறு. ஏழு. நான் ஸ்விட்சுக்குக் கை நீட்டுவதற்குள் ஒன்று போயிற்று, உடனே மற்றதெல்லாம். நான் மட்டும் கைதட்டினேன்! அசடு மாதிரி, தனியாக.

கோ.: "இதையே நம்ம கார்டுல மாட்டியிருந்தா?"

"எல்லாம் சாம்பல் சார்."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம்.

ஜூலை 15, வியாழன்

கோலமாவு மறந்தேன். திட்டு.

பி.எஸ்.ஸைப் பிரித்தேன். பெரிய டிரான்சிஸ்டரை அலுமினியத் தகட்டில் சரியாக முடுக்கவில்லை. சூடு வெளியேற வழியில்லை, சூடேறியதும் கட்டுப்பாடு போய் வோல்ட்டை எல்லாம் அப்படியே விட்டுவிடுகிறது. புது டிரான்சிஸ்டர், நல்ல முடுக்கு, மறுபடி ஆறு பல்பு. மெக்கானிக் இப்போது கேள்வியே கேட்பதில்லை.

சாயங்காலம் வரை எரிந்தது. தொட்டால் கை சுடுகிறது, மீட்டர் அசையவில்லை. செல்லமே!

"இன்னியோட ஆனி முடிஞ்சுடறதேம்மா" என்று கோ. ஒரே புலம்பல்.

"இன்னும் சூடாகட்டும் சார்."

ஜூலை 16, வெள்ளி

ஆடி ஒன்று. மாட்டி முடித்துப் பார்த்தால் ராகு காலம் வேறு. ஆபீஸே கடிகாரத்தைப் பார்க்கிறது, பிறகு கோ.வைப் பார்க்கிறது.

அவர் கடிகாரப் பக்கமே திரும்பவில்லை.

"மீட்டர் என்ன சொல்றது?"

"அஞ்சு சார்."

"அசையலியே?"

"அசையல."

"அப்பறம் என்ன? போடும்மா!"

போட்டேன். ஓடுகிறது! ஓடுகிறது!