பேனரில் என் பல்

ஆவணி 4, வியாழன்
காலையிலேயே வெயில். குழாய் ரிப்பேர். பத்திரிகை இன்னும் நாற்பது வீடு பாக்கி. பாப்பாவின் கல்யாண பேனருக்குப் படங்கள் சேர்த்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் கோட்டு, கூலிங்கிளாஸ். நம் பக்கம் மச்சான்கள் மூவர். நான் மட்டும் கொடுக்கவில்லை. என் முன்பல் இரண்டும் எனக்கு முன்னால் நடந்து போகிறவை. தேங்காய் துருவலாம்.

"நீங்க இல்லாம எனக்கு எதுக்குப்பா பேனரு?" என்றாள் பாப்பா. மதியம் சாப்பிடவில்லை.

வெள்ளி
மாட்டுத்தாவணி பக்கம் பிளெக்ஸ் கடை. பழைய ரேஷன் கார்டுப் படத்தோடு போனேன். ஸ்டூலில் உட்கார்ந்து கடைக்காரரிடம் மெதுவாக, "பொண்ணு கேக்குது, அதான். ஓரமா சின்னதா போடுங்கண்ணே. பூ டிசைனுக்குப் பின்னால வந்தாலும் பரவால்ல."

முதுகுக்குப் பின்னால் சிரிப்பு. திரும்பினால் கோட்டு அக்கா. மதுரையே போனில் வீடியோவாகப் பார்க்கிற அதே கோட்டு அக்கா. எழுபதுக்கு மேல். சுங்குடிச் சேலை, அதன்மேல் எலுமிச்சை மஞ்சளில் ஆம்பளைக் கோட்டு, கோட்டுப் பையில் கைக்குட்டை மாதிரி கனகாம்பரம். வெள்ளை ஷூ. பத்து விரலிலும் மோதிரம். தானாக எழுந்து நின்றுவிட்டேன். கலெக்டருக்குக்கூட இப்படி நின்றதில்லை. (கலெக்டரைப் பார்த்ததும் இல்லை.)

தன் பிறந்தநாளுக்கு பேனர் சொல்ல வந்திருக்கிறார். "வேற எவன் வைப்பான்? அதான் நானே பெருசா வச்சுக்கிறேன்."

பிறகு என்னிடம், "பொண்ணு கேக்குதுங்கிறீக, பூவுக்குப் பின்னால ஒளியிறீக. கல்யாணமா, கண்ணாமூச்சியா?"

"பல்லு, அக்கா..."

"இருக்கட்டுமே. எனக்கு மிச்சமே நாலுதான். நான் காட்டலையா?"

காட்டினார். நாலே நாலு. திருவிழா மாதிரி இருந்தது.

என்னைச் சுவரோரம் நிறுத்தி, காலரை இழுத்துவிட்டு, "ம், இப்ப எடுங்க" என்றார். கடைக்காரர் போனைத் தூக்கினார். சிரித்துத் தொலைத்தேன்.

என் பிய்ந்த செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரிய மனசு.

சனி
மேகம். பேனரின் மாதிரிப் படம் போனில் வந்தது. நான் நடுவில், முழுப் பல்லோடு. சின்ன மச்சான், "மாமா, மழ வந்தா ஊரே இந்தப் பல்லுக்குக் கீழ ஒதுங்கலாம்."

பாப்பா சிரிக்கவில்லை. விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவளுக்கும் என் பல்தான். அவள் கொடுத்திருந்த படத்தில் உதடு இறுக மூடியிருந்தது. இன்றுதான் கவனித்தேன்.

என் போனிலேயே கடைக்காரரைக் கூப்பிட்டாள். "அண்ணே, பிரிண்ட் போட்றாதீக. எம் படத்த மாத்தணும். வேற அனுப்புறேன்."