ரொட்டி வேனில் போன ஊழியக் குழு

பாப்பாவின் அம்மாவுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே சுகம். அத்தைக்கு இருமல் அடங்கியதா? பாப்பா அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா?

குறுகிய கால ஊழியத்துக்கு வந்திருக்கும் குழுவை நேற்று மலைக்கிராமத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். விடிந்தும் வேன் வரவில்லை, டிரைவர் போனை எடுக்கவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போதகர் மட்டும் பெட்டிமேல் சாவகாசமாக உட்கார்ந்து, "கர்த்தர் பார்த்துப்பார் தம்பி" என்றார்.

"அவர் பார்ப்பார் ஐயா, வேனை நான்தானே பிடிக்கணும்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். கடைசியில் ரொட்டி ஏற்றும் வேன்தான் அகப்பட்டது. வழியில் ஓடையில் தண்ணீர் ஓடியது. முன்னால் இறங்கி ஆழம் பார்த்தபோது கால் லேசாகப் பிசகியது. வேறொன்றுமில்லை, பயப்படாதே.

ஊர் சேர்ந்ததும் குழுவில் இருந்த நர்சம்மா காலுக்குக் கட்டுப் போட்டார். "எல்லாருக்கும் போக வர டிக்கெட் போடுறீங்களே, நீங்க எப்ப வீட்டுக்குப் போவீங்க?" என்று கேட்டார். நான் அழைப்பு வந்ததுபோல் போனைக் காதில் வைத்துக்கொண்டேன். அது அடிக்கவே இல்லை.

திரும்பும் வழியில் போதகரிடம் லீவு கேட்டேன். "ஜெபிச்சுட்டு சொல்றேன்" என்றார்.

பாப்பாவின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு, செருப்பு வாங்க வேண்டும். என்னிடம் இருக்கும் அளவு இனிச் சேராது. அப்படியே அந்தத் தாளில் நீயும் நாலு வரி எழுது.

அடுத்த குழு விமானத்தை விட்டு இறங்கிவிட்டதாம், ஓட வேண்டும். கடிதம் கண்ட அன்றைக்கே நீயும் என் லீவுக்காக ஜெபம் பண்ணு. போதகருடைய ஜெபத்துக்கு முன்னால் உன்னுடையது போய்ச் சேரட்டும்.

பாப்பாவின் அப்பா