சேவல் அறுக்காத பாலம்

சேவலை அறுக்க மாட்டேன் என்று அடம்பிடித்த என் அருமை அண்ணன் சாலமோனுக்கு, உன் தங்கை எஸ்தர் எழுதுகிறேன்.

போய்ச் சேர்ந்தவனுக்கு எந்தத் தபால்காரன் கொண்டுவந்து கொடுப்பான் என்று கேட்காதே. உன்னிடம் சொல்லாமல் நாளைக்கு நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டுப் படி ஏற முடியாது. உன் பெயரைக் கெடுத்தவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் ஊரறிய எழுதுகிறேன்.

மாடசாமியை நீ மறந்திருக்க மாட்டாய். காளவாசல் வைத்துச் சுண்ணாம்பு சுடுகிறவன். அவனைப் போலீஸ் பிடித்துவிட்டது அண்ணே. ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலைக்குப் புகைபோக்கி எழுப்புகிறார்கள். அந்த வேலைக்கு அவன்தான் சுண்ணாம்பு போடுகிறான். சந்தையில் ஒரு வீட்டுத் தலைச்சன் பிள்ளை காணாமல் போயிற்று. புகைபோக்கி விழாமல் நிற்பதற்காக மாடசாமி பிள்ளையைப் பலிகொடுத்துக் காளவாசலில் எரித்துவிட்டான் என்று ஒருத்தி சொன்னாள். பொழுது சாய்வதற்குள் தெருவே அதைக் கண்ணால் கண்டதாகச் சொல்லிற்று.

கேட்டதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நன்றாக வேண்டும் என்றுதான். உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

உன் கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நீ கொத்தனார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பாதையில் ஓடைக்குப் பாலம் கட்டப் போனாய். கடைக்கால் குழியில் சேவல் அறுத்து இரத்தம் விடச் சொன்னார்கள். "நான் வேதக்காரன். ஜெபம் பண்ணித்தான் கல்லு வைப்பேன்" என்றாய். சொன்னபடியே வைத்தாய். அந்த ஐப்பசியில் வெள்ளம் வந்து சுற்றுவட்டாரத்து மதகுகளெல்லாம் போயின. உன் தூண் மட்டும் அசையவில்லை. நம் வீட்டில் முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னோம். ஊர் வேறு மாதிரி யோசித்தது. சேவல் இரத்தம்கூட இல்லாமல் தூண் எப்படி நிற்கும்? அப்படியானால் இவன் வேறு எதைக் கொடுத்தான்?

நீ கடைக்கால் போட்ட சமயத்திலிருந்தே, அக்கரை ஊர்ப் பூசாரியின் தலைச்சன் மகள் பேச்சியைக் காணோம்.

அவளைப் பலிகொடுத்தாய் என்று உன்னைப் பிடித்தார்கள். விசாரணையில் முதல் சாட்சி நீ மூட்டை சுமந்து போனதைப் பார்த்தேன் என்றான். அடுத்தவன் மூட்டை அசைந்தது என்றான். மாடசாமி கூண்டில் ஏறி, மூட்டைக்கு வெளியே கொலுசுக் கால் தெரிந்தது என்றே சொல்லிவிட்டான். அந்தச் சுண்ணாம்பு மூட்டையை உனக்கு விற்று, உன் தலையில் ஏற்றிவிட்டவனே அவன்தானே அண்ணே! வெளியே கூட்டம் நம்மைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றியது. பிணம் கிடைக்காததால் தூக்குக் கயிற்றிலிருந்து தப்பினாய். ஜெயிலில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

பாலத்தடியில் பேச்சிக்குப் பீடம் எழுப்பினார்கள். அநியாயமாகச் செத்த கன்னி என்று பொங்கலிட்டார்கள். பேச்சியோ பிடிக்காத கல்யாணத்துக்குப் பயந்து, ஆள்பிடிக்க வந்த கங்காணியோடு சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தாள்! அங்கே ஜப்பான்காரன் குண்டு போட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். பெற்ற தகப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எம் மக சாமியாயிட்டா. நீ யாரு தாயி?" என்று கேட்டாராம். ஊரும் அதையே சொன்னது. இப்போது அவள் என் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குடியிருக்கிறாள், பஞ்சு பொறுக்கிப் பிழைக்கிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு நான் ஏறாத வாசல் இல்லை. முடிந்த கேசு, செத்துப்போன ஆள், இனி என்ன என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள்.

மாடசாமியை லாக்கப்பில் போய்ப் பார்த்தேன். கல்லடி பட்டு முகம் வீங்கியிருந்தது.

"எதுக்குவே அன்னைக்குப் பொய் சொன்னீரு?" என்று கேட்டேன்.

"பொய்யின்னு நெனைச்சா சொன்னேன், டீச்சரம்மா? ஊரே கால் தெரிஞ்சுது, கால் தெரிஞ்சுதுன்னு சொல்லிச்சு. பொறவு எனக்கும் தெரிஞ்சுது. இப்பவும் கண்ணை மூடுனா அந்தக் கொலுசு தெரியுது."

"இப்ப உம்ம காளவாசல்ல பிள்ளை எரிஞ்சதையும் அம்புட்டுப் பேரும் பாத்திருக்காவளே."

"அவிய பொய் சொல்லலம்மா. அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றான்.

அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. ஆனால் உன்னைக் கொன்ற அதே பேச்சு இன்னொருத்தனையும் கொல்வதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க என்னால் ஆகாது. பேச்சி உயிரோடிருப்பதைக் கோர்ட்டு பார்த்தால், ஊரே சேர்ந்து கண்டதும் பொய்யாகலாம் என்று தெரிந்துபோகுமே! மாடசாமியின் வக்கீலிடம் சொன்னேன். அவர் கூட்டிவரச் சொன்னார்.

பேச்சிதான் தயங்கினாள். "நான் கூண்டுல ஏறுனா, பொய்ச்சாமிக்குப் பூசை வச்சவருன்னு எங்கப்பனை ஊரு உசிரோட விடுமாக்கா?" என்று அழுதாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாலத்தடிப் பீடத்தில் நடந்த பூசையில் அவள் அப்பாவுக்கு அருள் வந்ததாம். பேச்சி சாமியாக அவர்மேல் இறங்கி, "பிள்ளையைக் கொன்னது மாடசாமிதான்" என்று சொன்னாளாம். பஞ்சு பொறுக்குகிற இடத்தில் இதைக் கேட்டுவிட்டு அவள் என் வீட்டுக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"நான் எப்பக்கா சொன்னேன்? நான் உசிரோட இருக்கையில என் பேரைச் சொல்லி ஒருத்தனைக் கொல்லப் பாக்காவளே!"

நேற்று சாயங்காலம் இருவரும் பாலத்தடிக்குப் போனோம். பீடத்தைச் சுற்றி நல்ல கூட்டம். பேச்சி நேரே போய்க் குனிந்து, தனக்காக எரிந்த விளக்கை ஊதப் போனாள். அவள் அப்பா பதறிப்போய்க் கத்தினார்:

"ஏட்டி பேச்சி! அணைக்காதட்டி!"

கூட்டம் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தது. வாயை விட்டு வந்த பெயரைக் கேட்டு அவரே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பேச்சி விளக்கை அணைத்தாள். அப்பாவின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். "நாளைக் கழிச்சு கோர்ட்டுலயும் இப்படியே கூப்பிடுங்கப்பா" என்றாள். அவர் அவள் கையை விடவில்லை.

அவர் வருவாரா? தெரியாது. வராவிட்டாலும் நாங்கள் போகிறோம். உன் பாலத்தின்மேல் நடந்துதான் போகிறோம். மாடசாமியை மீட்டுவிட்டு, உன் கேசைத் திறக்கும்வரை அந்தக் கோர்ட்டுப் படியை விட்டு இறங்க மாட்டேன். காலியான அந்தப் பீடத்தின் கல்லில் உன் பெயரை வெட்டிவைப்பேன்: இந்தப் பாலத்தைக் கட்டியவன் சாலமோன், யாரையும் பலி கொடுக்காதவன்.

கொலைகாரன் தங்கை என்று ஊர் சொன்னபோதும் தலை குனியாத,
உன் கூடப்பிறந்தவள்
எஸ்தர்