பழையது பிளாரன்சுக்கு, புதியது பந்தயத்துக்கு

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
8-10-1972

அன்புள்ள மாப்பிள்ளை பர்னபாசுக்கு, ரோச் மச்சாது எழுதிக்கொள்வது.

இங்கே நானும் அமலோற்பவமும் சுகம். கொழும்புக்குப் போன தோணி நேற்றுத்தான் கரை சேர்ந்தது. பாய் கிழிந்து வந்திருக்கிறது, ஆட்கள் கிழியாமல் வந்தார்கள், அது போதும். உமக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது என்று பிளாரன்ஸ் எழுதியிருந்தாள். வெயில் ஒத்துக்கொள்ளாதவருக்கு ஞாயிற்றுக்கிழமை சோழவரத்து ஓடுபாதை மட்டும் எப்படி ஒத்துக்கொள்கிறது என்று நான் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கத்தான் வேண்டும். ஞாயிறு முழுக்க அந்த எம்.ஜி. காரைப் பந்தயத்தில் விரட்டு விரட்டென்று விரட்டிவிட்டு, திங்கட்கிழமை அதே வண்டியில் டீச்சர் வேலைக்குப் போகிற என் தங்கச்சியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறீராம். நாங்கள் மீனுக்குப் போகிற வள்ளத்தில் கல்யாணத்துக்குப் போவதில்லை. தாயும் தகப்பனும் போன பிறகு அவளை ஏழு வயதிலிருந்து தூக்கி வளர்த்தவன் நான். பஞ்சாலை மானேஜர் துரை சீமைக்குப் போகும்போது அந்த டி.டி. மாடலை அடம்பிடித்து வாங்கி உமக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தது, அவள் அதில் சவுகரியமாகப் போய்வரத்தான்.

டாக்டர் ஒருவரிடம் 'ஏ' மாடல் விலைக்கு வருகிறது, டி.டி.யைத் தள்ளிவிட்டு அதை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர். தள்ள வேண்டாம். ஏ-யை வாங்கும், அதில் பந்தயம் ஓட்டும். டி.டி. வீட்டுக்கு இருக்கட்டும். இரண்டு தோணியில் கால் வைத்தவன் கதை தெரியுமல்லவா, ஒரே தோணியில் இரண்டு வேலை பார்ப்பவன் கதையும் அதுதான்.

டி.டி.யின் தகரத்தை உரித்தால் உள்ளே மரச்சட்டம். அது பாதி தோணி. பட்டணத்துக் கடற்காற்றில் சட்டம் உளுக்காமல் இருக்க ரயிலில் ஒரு டின் சுறா எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். எங்கள் பலகைகள் அதில்தான் முப்பது வருஷம் நிற்கின்றன. மாதம் ஒரு தடவை அடிக்கச் சொல்லும்.

பிளாரன்சுக்கு என் முத்தங்கள்.

உம்முடைய மச்சான்,
ரோச் மச்சாது


சென்னை
5-11-1972

பிரியமுள்ள மச்சானுக்கு, பர்னபாஸ் வணக்கம்.

கல்லறைத் திருநாளுக்கு ஊருக்கு வர முடியவில்லை. ஆபீசில் லீவு கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். அப்பா அம்மா கல்லறையில் எங்கள் பேரிலும் மெழுகுவர்த்தி ஏற்றியதாக அமலோற்பவம் அக்கா எழுதியிருந்தார்கள். பிளாரன்ஸ் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள்.

உங்கள் உத்தரவுப்படி ஏ-யை வாங்கியாயிற்று. இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், கேளுங்கள். டி.டி.யில் உட்கார்ந்தால் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி, ஏ-யில் தரையில் சம்மணம் போட்ட மாதிரி. டி.டி. எழுபது மைலைத் தொட்டால் காற்றோடு மல்லுக்கு நிற்கிறது. ஏ நூறுக்குப் பக்கம் போயும் மூச்சு வாங்கவில்லை. ஏ-யின் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக். வளைவுக்கு எவ்வளவு கிட்டே போய் மிதித்தாலும் நிற்கிறது. டி.டி.யில் நாலும் டிரம், ரெண்டு சுற்றில் சூடேறிக் கால் கீழே போய்விடும்.

ஆனால் தெருவில் வேறு கதை. ஏ-யில் கதவுக்கு வெளியே கைப்பிடியே கிடையாது. உள்ளே கையை விட்டுக் கயிற்றை இழுக்க வேண்டும். சேலையோடு பிளாரன்ஸ் அதில் இறங்கி ஏறியதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. எஞ்சின் சூடு பாதத்தைப் பொசுக்குகிறது. டி.டி.யிலோ படி மாதிரிப் பலகை, மிதித்து ஏறினால் மகாராணி. இப்போது அவளே ஓட்டக் கற்றுக்கொண்டாள் மச்சான். பள்ளிக்கூடத்துக்கு அவளே போய் வருகிறாள். "ஒங்க அண்ணன் பாத்தா என்ன சொல்லுவாரு" என்றால், "அண்ணன் குடுத்த வண்டி, அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்கிறாள்.

எண்ணெய் வந்தது. தெருப்பூனைகள் எல்லாம் எங்கள் வாசலில்தான் குடியிருக்கின்றன. அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனால் நாலு பூனை வழியனுப்ப வருகிறது. என் மெக்கானிக் தளவாய், நம்ம திருநெல்வேலிப் பக்கத்து ஆள்தான், மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். வேறு நல்ல எண்ணெய் இருக்கிறது என்கிறான். நிறுத்திவிடட்டுமா?

அன்புடன்,
பர்னபாஸ்


சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
10-1-1973

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

புது வருஷ வாழ்த்து பிந்தி வருகிறது, தப்பாக எடுக்க வேண்டாம். வாடைக்காற்றில் இருமல் பிடித்துவிட்டது.

அவள் ஓட்டுகிறாள் என்று படித்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, அடுத்த நிமிஷம் பயம் வந்தது. இரண்டும் இருக்கிறது. டி.டி. சாது, அது அவளை ஒன்றும் செய்யாது. உம்மிடம் கேட்பது ஒன்றே ஒன்று: அந்த வண்டியை ஓடுபாதைப் பக்கம் கொண்டுபோக மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடும்.

எண்ணெயை நிறுத்துவதாம். தளவாய் எந்தத் தோணியைக் கட்டினான்? எத்தனை பருவம் உப்புத் தண்ணீரில் அவன் வேலை நின்றது? மரத்துக்கு மட்டும் அடித்துவிட்டு விடுகிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். உப்பு மறைவில்தான் உட்காரும். வண்டிக்கு அடியில் படுத்து இரும்பு, குழாய், சக்கரத்துப் பின்பக்கம் என்று ஒரு இடம் விடாமல் அடிக்க வேண்டும். இன்னும் இரண்டு டின் வருகிறது. இதை நீர் தட்டினால் எனக்கு மனசு ஆறாது, சொல்லிவிட்டேன். பிளாரன்சிடம் கொடும், நான் சொன்னேன் என்றால் அவள் செய்வாள்.

உம்முடைய மச்சான்,
ரோச் மச்சாது


சென்னை
4-3-1973, ஞாயிறு

பிரியமுள்ள மச்சானுக்கு,

போன மாதப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தேன். முதல் இரண்டு பேரும் பணக்காரர்கள், அவர்களோடு நமக்கு என்ன போட்டி. ஏ கடைசிச் சுற்று வரை சொன்ன பேச்சைக் கேட்டது. இதற்கடுத்து 'பி' என்று ஒன்று வந்து பத்து வருஷமாகிறது, அதில் ஜன்னல் கண்ணாடியைச் சுற்றி ஏற்றலாமாம். மழையில் நனையாமல் பந்தயம் ஓட்டுகிறவனை என்னவென்று சொல்வது.

இப்போது உங்களிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், பாவசங்கீர்த்தனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏ-யின் கிளட்ச் தளவாயிடம் பிரித்துக் கிடக்கிறது. இன்று சோழவரத்தில் பயிற்சி. கை சும்மா இருக்கவில்லை. டி.டி.யை எடுத்துப்போய் ஆறு சுற்று ஓட்டினேன். போன கடிதத்தில் வாக்குக் கொடுத்ததை மறக்கவில்லை, மீறித்தான் விட்டேன். வண்டிக்கு ஒன்றுமில்லை. பிளாரன்ஸ், "அண்ணனுக்கு நீங்களே எழுதிருங்க, நான் எழுதுனா கோள் சொன்ன மாதிரி ஆவும்" என்று காகிதத்தை என் முன்னால் வைத்துவிட்டாள். அவள் நிற்கிற நிற்பில்தான் இதை எழுதுகிறேன். நாளைக் காலை பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் அவளே தபாலில் போடுவாளாம், நான் போடுவேன் என்று நம்பிக்கை இல்லை.

இனிமேல் இல்லை மச்சான். மன்னியுங்கள்.

பர்னபாஸ்


தூத்துக்குடி
10-3-1973

பர்னபாசுக்கு,

அவளை அடக்கம் செய்துவிட்டு நேற்று வீடு வந்து சேர்ந்தேன். கதவிடுக்கில் உம்முடைய நாலாம் தேதிக் கடிதம் கிடந்தது. அவள் போட்ட தபால். பெட்டியில் போட்டுவிட்டு எத்தனை நிமிஷம் உயிரோடு இருந்தாள்?

கல்லறையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதீரே, அப்போது இதைச் சொல்ல உமக்கு வாய் வரவில்லை.

ஆறு சுற்று. நீர்தான் அவளைக் கொன்றீர். வண்டியை, கிடக்கிற நிலையில், லாரியில் ஏற்றி எனக்கு அனுப்பும். அது நான் கொடுத்தது.

ரோச் மச்சாது


சென்னை
20-3-1973

மச்சானுக்கு,

நீங்கள் எழுதியது சரி.

நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே நீங்களும் கேட்கவில்லை, எனக்கும் சொல்ல வரவில்லை. பாலத்திலிருந்து இறங்கும்போது முன்னால் கம்பி ஏற்றிய லாரி நின்றிருக்கிறது. அவள் பிரேக்கை மிதித்திருக்கிறாள், மிதி தரையோடு போய்விட்டது. முன்பக்கத்து இடது சக்கரத்தின் பிரேக் ஓஸ், அந்த ரப்பர்க் குழாய், வெடித்திருந்தது. கைபிரேக்கை இழுத்திருக்கிறாள். எடுக்கும்போதும் கை அதில்தான் இருந்தது.

முந்தின நாள் நான் ஏற்றிய சூட்டில்தான் ஓஸ் விட்டுப்போயிற்று. தளவாயும் அதையே சொன்னான். போலீசிலும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. நீங்கள் என்னை எவ்வளவு வைதாலும் தகும்.

வண்டியை அனுப்ப வேண்டாம் என்று பார்க்கிறேன். பார்த்தால் உங்களுக்குத் தாங்காது. பழைய இரும்புக்குப் போட்டுவிடட்டுமா?

பர்னபாஸ்


சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
14-6-1973

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். அமலோற்பவம், "எழுதாதீய, எழுதி என்னத்துக்கு, போனவ வரப்போறாளா" என்கிறாள். அவள் பேச்சைக் கேட்கலாம் என்றுதான் பார்த்தேன். கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை அப்பம் வாங்க நாக்கை நீட்ட முடியவில்லை.

நீர் வேண்டாம் என்றும் கேளாமல் ஆள் அனுப்பி வண்டியை எடுத்துவந்தேனே, தோணிக் கொட்டகையில் ஒரு மாதம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் அடியில் படுத்துப் பார்த்தேன். ஒரு இடம் விடாமல் அடித்திருந்தாள். நான் எழுதின மாதிரியே. வலது சக்கரத்து ஓஸ் வெடிக்காமல் அப்படியே இருந்தது. தொட்டேன். ஊறின பட்டாணி மாதிரி விரலுக்குள் நசுங்கியது. முகர்ந்தேன். எனக்கா அந்த வாசம் தெரியாது.

அப்போதும் மனசு ஒப்பவில்லை. கடையில் புது ஓஸ் ஒன்று வாங்கி நம்ம எண்ணெயைத் தடவித் தடவி வைத்தேன், அவள் வைத்த மாதிரி. ஐந்து வாரம். பிறகு நகத்தால் கிள்ளினேன், கிள்ளினது கையோடு வந்தது.

தோணியில் மரம் உண்டு, கயிறு உண்டு, இரும்பாணி உண்டு. ரப்பர் கிடையாது. சுறா எண்ணெய் எல்லாவற்றையும் காக்கும் என்று முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன், அது ரப்பரைத் தின்னும் என்று எனக்குத் தெரியாது. தெரியாதவன் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். தளவாய் முகத்தைச் சுளித்தபோது ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவன் எந்தத் தோணியைக் கட்டினான் என்று கேட்டேன்.

உம்முடைய ஆறு சுற்று இல்லை, மாப்பிள்ளை. அது இல்லாவிட்டாலும் இன்னொரு நாள், இன்னொரு பாலம். நான் உம்மைக் கொலைகாரன் என்று எழுதினேன். அந்த வார்த்தையை எடுத்து என் தலையில் வைத்துக்கொள்கிறேன். நீர் போலீசில் எழுதிக் கொடுத்ததை மாற்றிக் கொடும், நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

என்னை இரண்டு வார்த்தை வைதாவது எழுதும். சும்மா இருந்துவிட வேண்டாம்.

பாவி,
ரோச்


சென்னை
29-6-1973

திரு. ரோச் மச்சாது அவர்களுக்கு,

எனக்குத் தெரியும்.

வண்டியை இழுத்துவந்த அன்றே தளவாய் அந்த வெடித்த ஓஸ் குழாயை என் கையில் கொடுத்தான். சூட்டில் விட்டது என்று அவன் சொன்னதாக நான் எழுதியது பொய். பேச வேண்டியதை அவன் டிசம்பரிலேயே பேசிவிட்டான்: "அண்ணாச்சி, மரத்துக்கு அடிங்க, ரப்பர்ல மட்டும் படக்கூடாது." நான் பிளாரன்சிடம் சொன்னேன். கொஞ்ச நாள் அவள் மரத்துக்கு மட்டும் அடித்தாள். ஜனவரியில் உங்கள் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை அவள் பிரஷ்ஷோடு அடியில் படுத்திருப்பதைப் பார்த்து, ரப்பரில் வேண்டாம் என்றேனே என்று கேட்டேன். "அண்ணன் வந்து பாத்தா என்னன்னு சொல்லுவேன்? அவுக மனசு ஒடிஞ்சி போவும். கொஞ்சம்போலத்தான் தடவுதேன்" என்றாள். நான் அந்தப் பிரஷ்ஷைப் பிடுங்கவில்லை. ரோச் மச்சாதுவோடு யார் மல்லுக்கு நிற்பது என்று உள்ளே போய்விட்டேன்.

கொலைகாரன் என்று நீங்கள் எழுதியபோது எனக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது. உங்களுக்கு வைவதற்கு ஒரு ஆள் வேண்டும், அது நானாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆறு சுற்றுதான் காரணம் என்று திரும்பத் திரும்பச் சொல்லி, நானும் முக்கால்வாசி நம்பிவிட்டேன். போலீசில் எழுதிக் கொடுத்தது அப்படியே இருக்கட்டும். மாற்றமாட்டேன்.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அந்த முக்கால்வாசியும் போய்விட்டது. நீங்கள் மன்னிப்புக் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. கொடுக்கப் பார்த்தேன். கோயிலில் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், வரவில்லை.

ஏ-யை விற்றுவிட்டேன். பம்பாயில் ஒரு கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த வாரம் போகிறேன். அவளுடைய சேலைகளும் ஜெபமாலையும் அக்கா பேருக்குப் பார்சலில் வருகின்றன. வருஷத் திவசப் பூசையை நீங்கள் அங்கே வையுங்கள், நான் இருக்கிற இடத்தில் வைத்துக்கொள்கிறேன். எனக்கு எழுத வேண்டாம்.

அவள் கடைசி வரை உங்கள் மனசு நோகாமல் பார்த்துக்கொண்டாள். அவளுக்குப் பிறகு நான் மூன்று மாதம் பார்த்துக்கொண்டேன். இனி என்னால் முடியாது.

இப்படிக்கு,
பிளாரன்சின் கணவன்
பர்னபாஸ் கோமஸ்