ஆறஞ்சு முப்பது

4-3-1958, செவ்வாய், சிங்கப்பூர்

தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலிக்கிறது. இன்று சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள். கல்யாணமாகாத பெண்கள் நல்ல கணவன் வேண்டிக் கடலில் ஆரஞ்சு எறிவார்களாம். வேடிக்கை பார்க்கலாம் என்று சித்தப்பா மகள் சரோஜா அக்கா என்னைக் கூட்டிப்போனாள்.

கரையோரச் சாலையில் பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் பழத்தை வீசிக்கொண்டிருந்தார்கள். மதராஸிலிருந்து வந்த விருந்தாளி சும்மா நிற்கலாமா? கீழே உருண்டதையெல்லாம் பொறுக்கி, "ஆறஞ்சு முப்பது!" என்று கத்திக் கத்தி நானும் வீசினேன். அதுவும் தீர்ந்ததும் அக்காவின் பைக்குள் கைவிட்டேன். ஒரே ஒரு பழம் இருந்தது. அது ஒருவன் முதுகில் சளக்கென்று உடைந்தது.

"டேய், அது கடலுக்குடா!" என்றாள் அக்கா.

"மாப்பிள்ளை யாருக்கு, உனக்கா?" என்று சிரித்தேன்.

"எனக்குத்தான். அடுத்த மாசம் முப்பது வயசு லா. நீதான் கணக்குச் சொன்னியே."

வேறு பழம் வாங்க ஓடினேன். எல்லாம் விற்றுப்போயிருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் என் கழுத்தில் வழிந்த சாற்றைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். திட்டியிருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பேன்.